குதிரை வரிசையில் ஏறிய சிப்பாய்

வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அலமாரி மேலிருந்த செஸ் போர்டை இறக்கி டீப்பாய் மேல் வைத்தார். செல்போனைப் பார்த்துப் பார்த்து ஏழே ஏழு காய்களை எடுத்து நிறுத்தினார். மிச்சத்தை ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டார். அது நான் சட்னிக்கு வைத்திருக்கிற கிண்ணம்.

"இத ஞாயித்துக்கிழம சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றார்.

வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஆக, அந்த 'யாரும்' நான்தான்.

நாங்கள் சூரமங்கலத்தில் ரயில்வே குவாட்டர்ஸில் இருக்கிறோம். அவர் சரக்குப் பிரிவில் கிளார்க். வருகிற வைகாசியோடு வேலை முடிகிறது. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். முன் ரூமில் ஜன்னலோரம் என் தையல் மெஷின், அதற்கு எதிரே டீப்பாய். அதனால் அடுத்த மூன்று நாள் அந்தக் கூத்தை முழுசாகப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அவருடைய ஆபீஸில் செஸ் ஆடுகிற கூட்டம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம் வெளியூரில் நடக்கிற இலாகா போட்டிக்கு நாலு பேர் போவார்கள். ஐந்தாவதாக ஒருத்தர் ஸ்பேர். என் வீட்டுக்காரர்தான் எத்தனையோ வருஷமாக அந்த ஸ்பேர். நாலு பேரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் அவருக்கு நாற்காலி. இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஒவ்வொரு தரமும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போவார், இரண்டு நாள் அடுத்தவர் ஆட்டத்தை நின்று பார்த்துவிட்டு வருவார். வந்து, யார் எங்கே தப்புப் பண்ணினார்கள் என்று எனக்குச் சொல்லுவார். ஒரு தரமாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா?

இந்த வருஷம் நாலாவது ஆளுக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்த இடம் காலி. ஸ்பேர் என்பதால் அது தானாக இவருக்குக் கிடைத்துவிடாது. டீமுக்குத் தலைவர் ஒரு சீனியர் ரயில் கார்டு, சேலம் டவுன்காரர், எல்லோருக்கும் அவர் பாய். அவர் ஒரு புதிரைத் தானே ஜோடித்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். வெள்ளை ஆட வேண்டும், இரண்டாவது நகர்த்தலில் மேட். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் விடையை அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரே ஒரு விடை, தப்பென்றால் அவ்வளவுதான். செல்போனில் போட்டுப் பார்த்தால் அது அரை நொடியில் சொல்லிவிடுமாம். அதனால் அவர் இன்னொன்றும் சேர்த்திருந்தார். விடை சொன்னால் போதாது, அது எப்படித் தோன்றியது என்று அவர் கேட்டால் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்கிறவருக்கு நாலாவது நாற்காலி.

என் வீட்டுக்காரருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் அவர் இலாகாவிலேயே இருக்க மாட்டார்.

போர்டில் இருந்தது இவ்வளவுதான். வலது ஓரத்திலிருந்து இரண்டாவது, அதாவது குதிரை நிற்கிற வரிசையின் உச்சிக் கட்டத்தில் வெள்ளை ராணி. அவளுக்கு நேர் கீழே ஒரு வெள்ளைச் சிப்பாய். இன்னும் ஒரே அடி வைத்தால் கடைசிக் கட்டம், ஆனால் அந்தக் கட்டத்தில் சொந்த ராணியே குந்திக்கொண்டு இருக்கிறாள். சிப்பாய்க்குப் பக்கத்தில் வெள்ளை ராஜா. சற்றுக் கீழே, வலது ஓரத்தில் கறுப்பு ராஜா. அவனுக்குத் துணைக்கு ஒரே ஒரு கறுப்புக் குதிரை. அதற்கும் கீழே இரண்டு வெள்ளைச் சிப்பாய்கள், கறுப்பு ராஜா அந்தப் பக்கம் இறங்கிவிடாமல் வேலி கட்டி நின்றன.

வெள்ளிக்கிழமை கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் வாசலில் நின்று ஓ.டி.பி. நம்பர் கேட்டார். இவர் போர்டைவிட்டுத் தலை நிமிராமல், "குதிரைய இங்க நகத்துனா?" என்றார். சிலிண்டர்காரர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பிடுங்கி நம்பரைச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு மதியம் மோர்சோற்றில் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

எனக்குச் செஸ் தெரியாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தெரியும். ஆனால் இருபத்தாறு வருஷமாக நான் ஒரு காயைத் தொட்டதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருந்து என்ன ஆகப்போகிறது.

என் பிறந்த வீடு வெண்ணந்தூர். தறி ஓட்டுகிற குடும்பம். அண்ணன்மார் மூன்று பேர், நான் ஒருத்தி. தறி நின்று கிடக்கிற கரண்ட் இல்லாத நேரத்தில் எங்களுக்குச் செஸ்தான். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் வேறு காயாக மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊரெல்லாம் ராணியை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அப்படி எடுக்க முடியாது. எந்த வரிசையில் ஏறியதோ அந்த வரிசைக்காரனாகத்தான் மாற வேண்டும். யானை வரிசையில் ஏறினால் யானை, மந்திரி வரிசையில் ஏறினால் மந்திரி, குதிரை வரிசையில் ஏறினால் குதிரை. ராணி வேண்டுமென்றால் நடு இரண்டு வரிசையில் ஏறிக் காட்ட வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது. உலகம் பூராவும் அப்படித்தான் ஆடுகிறது என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

கல்யாணமான முதல் வருஷம். இதே சூரமங்கலம், வேறு குவாட்டர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆட வந்திருந்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. எனக்கும் ஆடத் தெரியும் என்று நானே வாயைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்தேன். நன்றாகவே ஆடினேன். இரண்டு காய் அதிகமாக வைத்திருந்தேன். என் சிப்பாய் குதிரை வரிசையில் ஏறிக் கடைசிக் கட்டத்தைத் தொட்டது. நான் குதிரையை எடுத்து வைத்தேன்.

மூன்று பேரும் அந்தக் குதிரையைப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். பாய் சிரித்தார், பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார், எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர். "ராணி சும்மா கெடக்குது, அத உட்டுட்டுக் குதிரைய எடுக்கறா பாருங்க" என்றார். எங்கள் வீட்டுச் சட்டத்தை நான் விளக்கினேன். விளக்கியது இன்னும் மோசமாகப் போயிற்று. அதற்குப் பிறகு அவர்களில் யாராவது மட்டமாக ஆடினால் 'வெண்ணந்தூர் ரூலா' என்று கேட்டுக்கொள்வது கொஞ்ச காலம் வழக்கமாக இருந்தது. நான் அன்றைக்கு டீ போடுகிற சாக்கில் எழுந்தவள்தான். அப்புறம் உட்காரவில்லை. அவரும் வா என்று கூப்பிடவில்லை. இதற்காக நாங்கள் சண்டை போட்டதும் இல்லை. எங்களுக்குள் சண்டை போட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் என்னை அழைத்தார். "புள்ள, இங்க வா. உனக்குப் புரிய வேண்டாம். நான் சொல்றதச் சும்மா கேளு, வாய்விட்டுச் சொன்னா எனக்கு ஏதாச்சும் தோணும்."

உனக்குப் புரிய வேண்டாம் என்றதை மென்று விழுங்கிக்கொண்டு, ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டேன்.

"ராணிய இந்த மூலைக்குக் கொண்டு போறேன். செக். ராஜாவுக்கு நகர எடமில்ல, அதனால குதிர நடுவுல வந்து உழுந்தே ஆகோணும். வந்துருச்சு. இனி அது அசைய முடியாது, அசைஞ்சா ராஜா போயிருவான். இப்ப ராணி எந்திரிச்ச எடம் காலி. சிப்பாய் மேல ஏறுது. ராணியாகுது. ரெண்டு ராணி. ஆனா செக் இல்ல பாரு. இவன் ராஜாவும் நகர முடியாது, குதிரையும் நகர முடியாது, செக்கும் இல்ல. அப்படின்னா டிரா. ரெண்டு ராணிய வெச்சுக்கிட்டு டிரா."

"அப்ப மொதல் நகர்த்தலே தப்பு மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

"அதுதான் எனக்கும் தோணுது. வேற ஏதோ இருக்குது" என்று ராணியைப் பழைய இடத்தில் வைத்தார். சிப்பாயைப் பழைய இடத்தில் வைத்தார். மறுபடியும் முதலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கறி வாங்கக் கிளம்பினார். கிளம்பும்போதும் கதவுக்கு வெளியே நின்று ஒரு தரம் போர்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். நான் மெஷினைவிட்டு எழுந்து ரூமைக் கூட்டினேன். வெட்டிப் போட்ட நூலும் துணிப்பிசிறும் ஃபேன் காற்றில் பறந்து போர்டு மேல் விழுந்திருந்தன. கறுப்பு ராஜாவின் தலையில் ஒரு சிவப்பு நூல். அதை எடுத்தேன். இருபத்தாறு வருஷம் கழித்து என் கை ஒரு காயில் பட்டது.

பட்டுவிட்டது, இனி என்ன என்று தோன்றியது. வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் இரவு பூராவும் ஓதியது எனக்கு மனப்பாடம். ராணியை மூலைக்குத் தள்ளினேன். கறுப்புக் குதிரையை நடுவில் கொண்டுவந்து வைத்தேன். சிப்பாயை ஒரு கட்டம் மேலே ஏற்றினேன். ஏற்றியதும் வலது கை தானாகச் சட்னிக் கிண்ணத்துக்குள் போயிற்று. உள்ளே துழாவி ஒரு வெள்ளைக் குதிரையை எடுத்தது. சிப்பாயை அகற்றிவிட்டுக் குதிரையை அங்கே வைத்தது.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். ஒரு யோசனையும் இல்லை. சிப்பாய் ஏறியது குதிரை வரிசை, அங்கே வருவது குதிரை. வெண்ணந்தூரில் அவ்வளவுதான். வைத்த பிறகுதான் ஐயோ, மறுபடியும் அதே தப்பைச் செய்துவிட்டோமே என்று உறைத்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. குதிரையை எடுத்துவிட்டு ராணியை வைக்கலாம் என்று கையை நீட்டினேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. குதிரை கறுப்பு ராஜாவுக்குச் செக் கொடுத்துக்கொண்டிருந்தது.

விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தேன். ராஜாவுக்கு மேலே அவனுடைய குதிரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கவாட்டில் இரண்டு கட்டமும் வெள்ளை ராஜாவின் காவலில் இருக்கின்றன. கீழே இரண்டு கட்டத்தையும் வேலிச் சிப்பாய்கள் பார்த்துக்கொள்கின்றன. குதிரை கொடுக்கிற செக்கை நடுவில் புகுந்து மறைக்கவும் முடியாது. கறுப்புக் குதிரையால் என் குதிரையை வெட்டவும் முடியாது. திரும்பவும் முதலிலிருந்து தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் தரமும் பார்த்தேன். மேட்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. வீட்டில் யாருமில்லை, எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தப் போர்டைப் பார்த்தேன். சிரித்தேன். கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதுவும் உண்மை. பிறகு காய்களை எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே வைத்தேன். குதிரையைக் கிண்ணத்தின் அடியில் போட்டு மேலே மற்ற காய்களை மூடினேன். போய் வெங்காயம் உரித்தேன்.

அவர் கறியோடு வந்தார், மறுபடியும் போர்டின் முன் உட்கார்ந்தார். நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அன்றைக்குப் பலமாகச் சிரித்த வாய் இன்றைக்குக் கொஞ்சம் தவிக்கட்டும் என்றிருந்தேன். மசாலா அரைத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் அந்தத் தவிப்பை ரசித்தேன் என்றுகூடச் சொல்வேன். நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை.

சாப்பிட்டு முடித்து மூன்று மணி வாக்கில் அவர் எழுந்து காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட ஆரம்பித்தார். கோபமாகப் போடவில்லை. மெதுவாக, சத்தம் வராமல் போட்டார்.

"என்னுங்க, எடுத்து வெக்கறீங்க?"

"உடு புள்ள. நமக்கு வராது. ஸ்பேராவே ரிட்டயராயிக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். "மறுக்கா நிறுத்துங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஏழு காய்களையும் நிறுத்தினார்.

"நீங்க சொன்னதுதானுங்க. ராணி மூலைக்கு. குதிர நடுவுல. சிப்பாய் மேல." ஒவ்வொன்றாக நகர்த்தினேன். பிறகு கிண்ணத்தின் அடியிலிருந்து குதிரையை எடுத்து வைத்தேன். "இதுங்க."

அவர் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. எங்கே சிரித்துவிடுவாரோ என்று இருந்தது எனக்கு. சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். விரல் ஒவ்வொரு கட்டமாகப் போயிற்று, நான் போன அதே வழியில். ஓரம்வரை போய்த் திரும்பி வந்தது. அப்புறம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

"எப்படித் தோணுச்சு உனக்கு?"

"தோணலீங்க. குதிரை வரிசைல ஏறுச்சு, குதிரைய வெச்சுப்போட்டேன். எங்க ஊட்ல அப்படித்தானே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவு வந்துவிட்டது என்று தெரிந்தது. நான் அதைத் தோண்டவில்லை. மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது, ஆறு மணிக்குள் வேலை இருந்தது.

"அனுப்புங்க" என்றேன்.

போனை எடுத்தார். தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். என்ன இவ்வளவு நேரம் என்று எட்டிப் பார்த்தால், விடையை எழுதி அதன் கீழே 'இதை நான் போடவில்லை, என் வீட்டில் போட்டார்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார்.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு என்ன கிறுக்குங்களா? மூணு நாளா ரோசன பண்ணினது நீங்க. கடைசி ஒரு காய எடுத்து வெச்சது மட்டுந்தான் நான். ராணி எடுத்தா டிராவாயிருது, அதனால குதிரைய எடுத்தேன்னு சொல்லுங்க. பாய் கேட்டாருன்னா இதயே சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமல்ல."

"இத்தன வருசம் நின்னு பாத்தது போதாதுங்களா?"

"போதும்தான்" என்றார். "உக்காரோணும்னு ஆசதான். உன்ற ஆட்டத்துல நான் உக்காந்தா அது எப்படி? அன்னைக்கு அப்படிச் சிரிச்சுப்போட்டு, இன்னைக்கு அதயே எடுத்துக்கிட்டுப் போயி நாற்காலி வாங்கறதா?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். நான் அடுப்படிக்குப் போய் ஏனங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன். அவர் போய் உட்கார வேண்டும் என்று நான் உண்மையிலேயே ஆசைப்பட்டேன். நான் போட்டது என்று அந்தச் செய்தியில் போனது எனக்கு ஒரு பக்கம் இனித்தது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்ததால்தான் ஏனத்தின் மேல் அவ்வளவு கோபம்.

ஆறே கால் மணிக்கு பாய் கூப்பிட்டார். வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா, விடை சரி. உன்னத் தவிர ஆறு பேரு அனுப்பினாங்க. நாலு பேரு ராணிய வெச்சு மேட்னு எழுதியிருக்கான். ரெண்டு பேரு சரியா அனுப்பினான், எப்படித் தோணுச்சுன்னு கேட்டா முழிக்கிறான், போன்ல பாத்ததுதான். நீ அந்தக் கடைசி வரிய எழுதாம இருந்திருந்தா நீதான். தங்கச்சிகிட்ட போனக் குடு."

நான் ஈரக் கையோடு வந்து நின்றேன். "சொல்லுங்கண்ணா."

"அம்மா, இத ஜோடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அந்தக் குதிரை உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

ஒரு வினாடி வேறு ஏதாவது கெட்டிக்காரத்தனமாகச் சொல்லலாமா என்று சபலம் வந்தது. பிறகு உள்ளதையே சொன்னேன். எங்கள் வீட்டில் சிப்பாய் எந்த வரிசையில் ஏறுகிறதோ அந்தக் காய்தான் வரும், குதிரை வரிசை, அதனால் குதிரை, கை தானாக எடுத்துவிட்டது, அப்புறம்தான் மேட் என்று பார்த்தேன் என்றேன்.

பிறகு அவர், "இப்படி ஒரு ரூல் இருக்கா? நான் கேள்விப்பட்டதே இல்லியேம்மா" என்றார்.

அவருக்கு நினைவே இல்லை. இருபத்தாறு வருஷம் நான் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை அந்த மனிதர் அன்றைக்கு டீ டம்ளரைக் கீழே வைத்தபோதே மறந்துவிட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பாக வந்தது. "எங்க வெண்ணந்தூர்ப் பக்கம் இருக்குதுங்கண்ணா" என்றேன்.

"நல்ல ரூல்தாம்மா. எனக்கு இப்படி ஒரு மாணிக்கம் எங்க டீம்ல இல்லியேன்னு இருக்கு. ஆனா இலாகா ஆளுங்க மட்டுந்தான் ஆடணும்." பிறகு என் வீட்டுக்காரரிடம், "உனக்கு நாற்காலி தர முடியாதுப்பா, தப்பா நினைக்காத. சிக்னல் பிரிவுல ஒருத்தன் போன மாசம் என்னையே தோக்கடிச்சான், அவன வெச்சுக்கறேன். நீ எப்பவும் போல ஸ்பேரா வா" என்றார்.

"வாரேன் பாய்" என்றார் இவர். குரலில் ஒரு வருத்தமும் தெரியவில்லை. போனை வைத்ததும் காய்களை மறுபடியும் அந்தப் புதிரின்படியே நிறுத்தி, ஒரு தரம் குதிரை வரை ஆடிப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று போர்டிடம் சொன்னார்.

மூன்று வாரம் கழித்துப் போட்டி. புதுச்சட்டையை நானே தேய்த்துக் கொடுத்தேன். விடியற்காலை ரயிலுக்குப் போனவர், செஸ் போர்டையும் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். ஸ்பேருக்கு எதற்குப் போர்டு என்று கேட்டேன். சும்மா இருக்கட்டும் என்றார். அன்றைக்கு எனக்கு முகூர்த்த ஜாக்கெட் நாலு முடிக்க வேண்டியிருந்தது. கொக்கி தைத்துக்கொண்டே இருந்தாலும் மனம் அங்கேதான் இருந்தது. நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், இவர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் அந்தக் குதிரையை மறுபடியும் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அவரே கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மதியம் ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டார். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம்.

"ஆட்டம் என்னாச்சுங்க?"

"ரெண்டாவது ரவுண்டுலயே போச்சு. அத உடு. இதக் கேளு. இங்க வராந்தாவுல ஒரு மேச கெடந்துது, நம்ம போர்ட விரிச்சு நிறுத்தி வெச்சேன். வெளியூர் ஆளுங்க, பெரிய பெரிய ஆட்டக்காரங்க, காலைலருந்து ஏழு பேரு உக்காந்துட்டாங்க புள்ள. ஏழு பேரும் ராணியத்தான் எடுத்தாங்க. எங்கூட்டுக்காரம்மா போட்டதுன்னு சொல்லிக் குதிரைய எடுத்து வெக்கறேன். ஒருத்தரு எந்திரிச்சு நின்னு எனக்குக் கை குடுத்தாரு."

கையிலிருந்த ஊசியை ஜாக்கெட்டில் குத்தி வைத்தேன். "சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் இல்ல. எட்டாவது ஆளு வந்து உக்காந்திருக்காரு, சிப்பாயக் கையில எடுத்துட்டாரு. வெச்சரறேன்" என்று போனை வைத்துவிட்டார்.